கண்ணாடிப் பெட்டிக்குப் போன வில்லை

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் டீச்சர் சொன்னார் என்று நான் வந்து சொல்வதெல்லாம் எங்கள் வீட்டில் கலெக்டர் உத்தரவு மாதிரி நிறைவேறும். நோட்டுக்குக் காக்கி அட்டைதான் போட வேண்டும் என்றால் அம்மா கிணத்துக்கடவுக் கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்குவாள். டீச்சர் சொல்லாத சிலதையும் டீச்சர் சொன்னதாக நான் சேர்த்துக்கொள்வதுண்டு. ஏழாம் வகுப்பின் முதல் இரண்டு மாதம் டீச்சர் உத்தரவின்படி தினமும் ஒரு தேங்காய் பன் சாப்பிட்டேன்.

ஆனால் பழம்பொருள் கண்காட்சி நிஜமாகவே டீச்சர் சொன்னதுதான். வீட்டில் இருக்கிற பழைய சாமான் ஒன்றை ஆளுக்கொருவர் கொண்டுவர வேண்டும் என்று சமூக அறிவியல் டீச்சர் சொன்னார். நான் வந்து சொன்னேன். அம்மா மறுபேச்சில்லாமல் தகரப் பெட்டியைத் திறந்தாள். அப்பாவிடம் கேட்கவில்லை. அப்பா அப்போது சுந்தராபுரம் பக்கம் ஒரு பவுண்டரியில் மோல்டராக இருந்தார். காலையில் ஆறு மணி பஸ்ஸுக்குப் போனால் நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருவார். ஆக, பெட்டியைத் திறந்ததும், அதிலிருந்து பட்டாளத்துத் தொப்பியில் குத்துகிற வில்லையை எடுத்ததும், எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

அந்த வில்லை அப்பாவின் தாத்தாவுடையது. எனக்குப் பூட்டன். அவருக்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் ஆட்கள் தோட்டத்து வேலைக்குத்தான் போனார்கள். நடுவில் அவர் மட்டும் வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தார். வந்து, மறுபடியும் தோட்டத்து வேலைக்கே போனார். அவருடைய போட்டோ எங்களிடம் இல்லை. கடுதாசி எதுவும் இல்லை. அவர் போட்டிருந்த தொப்பியைக்கூடக் கரையான் தின்றுவிட்டது. முன்பக்கத்துக் காக்கித் துணி உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சியிருந்தது. அந்தத் துணியில் ஊக்கு போட்டு மாட்டிய பித்தளை வில்லை: மேலே ஒரு கிரீடம், நடுவில் ஊதுகொம்பு, சுற்றிலும் இலை வளையம், கீழே நாடா போல வளைந்த பட்டையில் ஆங்கில எழுத்துகள். வருடத்துக்கு ஒரு தடவை, ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு, அப்பா அதை எடுத்துத் துடைத்துச் சந்தனம் வைத்துக் கும்பிடுவார். மற்ற நாளில் அது ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கும்.

டீச்சர் பழைய சாமான் ஒன்றைத்தானே கேட்டார், கந்தல் துணி எதற்கு என்று அம்மா ஊக்கைக் கழற்றி, வில்லையை மட்டும் ஒரு கர்ச்சீப்பில் முடிந்து கொடுத்தாள். நான் முன்பக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். பின்பக்கத்தைத் திருப்பியும் பார்க்கவில்லை. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

கண்காட்சி அன்று மேசைமேல் உழக்கு, லாந்தர், வெற்றிலைப் பெட்டி, யாரோ கொண்டுவந்திருந்த ஓடாத ரேடியோ எல்லாம் இருந்தன. என் பெஞ்சில் உட்காரும் கார்த்தியும் ஒரு கர்ச்சீப் முடிச்சோடு வந்திருந்தான். அவிழ்த்தால் உள்ளே அதே வில்லை. அதே கிரீடம், அதே கொம்பு, அதே இலை. டீச்சருக்குப் பரமானந்தம். இரண்டையும் ஒரே எவர்சில்வர் தட்டில் வைத்து, ஒரே ஊரிலிருந்து ஒரே படைக்குப் போன இரண்டு வீரர்கள் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினார். நானும் கார்த்தியும் தட்டுக்கு இரண்டு பக்கமும் விறைப்பாக நின்றோம். வருகிறவர்களுக்கு சல்யூட் அடித்தோம்.

கார்த்தி யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பாருவும் அவருக்கு முந்தினவர்களும் ஆயுசு முழுக்கத் தேங்காய் பறித்த தோட்டம் கார்த்தியின் வீட்டுத் தோட்டம். அவன் அப்பாரு இன்னும் காலையில் மொபெட்டில் தோட்டத்தைச் சுற்றி வருவார். எங்கள் அப்பா பவுண்டரிக்குப் போனதிலிருந்து அந்தத் தோட்டத்தில் எங்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் அவரைப் பார்த்தால் அப்பா சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார். பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் இல்லை. நானும் கார்த்தியும் ஒரே ஜியாமெட்ரி பாக்ஸை வைத்துக் காலம் தள்ளினோம். அது என்னுடைய பாக்ஸ்.

சாயங்காலம் டீச்சர் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார். வில்லைத் தட்டுக்கு வந்ததும், எது யாருடையது என்று கேட்டார். நான் கார்த்தியைப் பார்த்தேன். கார்த்தி என்னைப் பார்த்தான். டீச்சர் இரண்டையும் கையில் எடுத்தார். ஒன்று எழுத்தெல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் கூராக, மெல்லிசாக, பளிச்சென்று இருந்தது. இன்னொன்று கனமாக, எழுத்து மழுங்கி, ஓரமெல்லாம் அரம் போட்ட கீறலோடு இருந்தது. பளிச்சென்று இருந்ததைக் கார்த்தியின் கையில் வைத்தார். மழுங்கியதை என் கையில் வைத்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் நல்ல டீச்சர். பாரபட்சம் பார்த்து எனக்கு ஒரு மார்க்கூடக் குறைத்தவர் இல்லை. நானும் யோசிக்கவில்லை, கார்த்தியும் யோசிக்கவில்லை. மூன்று பேருக்கும் அது சரியாகவே பட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் முதல்முறையாகப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் தட்டையாக, சொரசொரவென்று, மணல் ஒட்டிக் காய்ந்ததுபோல் இருந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஏனென்றால் அந்தச் சொரசொரப்பு எனக்குப் பழக்கம். பவுண்டரியில் அப்பா செய்கிற வேலையே அதுதான். பெட்டியில் மண்ணை இறுக்கி, மாதிரியை வைத்து அச்செடுத்து, உருக்கியதை ஊற்றி, ஆறியதும் உடைத்து எடுத்தால், வருகிற சாமானின் தோலெல்லாம் மணல் மணலாக இருக்கும். சரியாக வராமல் தள்ளிய துண்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்த இரும்பு, அரிசிப் பானை மூடிமேல் வைக்கிற இரும்பு, எல்லாம் அப்படி வந்தவை. வார்ப்பு என்றால் அது எங்கள் வீட்டுச் சாமான். ஆகவே வார்த்த வில்லை எங்களுடையது. இவ்வளவு பலமான அத்தாட்சி கிடைத்த திருப்தியில் ஓடிப்போய் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அடுப்பில் வேலையாக இருந்தாள். நீயே துணியில் மாட்டி வை கண்ணு என்றாள்.

மாட்ட முடியவில்லை.

வில்லையின் முதுகில் இரண்டு சின்ன வளையங்கள் இருக்கும். துணியில் இரண்டு ஓட்டை இருக்கும். வளையங்களை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, பின்னால் ஊக்கைக் கோத்தால் வில்லை நிற்கும். காக்கித் துணியில் ஓட்டை இரண்டும் இடதும் வலதுமாக, பக்கம் பக்கமாக இருந்தன. என் கையிலிருந்த வில்லையில் வளையங்கள் மேலும் கீழுமாக இருந்தன. திருப்பிப் பார்த்தேன். கிரீடம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. அதோடு, துணியில் வில்லை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கருங்காக்கியாக, வில்லையின் உருவத்திலேயே பதிந்திருந்தது. இந்த வில்லையை அதன்மேல் வைத்தால் சுற்றிலும் ஒரு நூல் அளவுக்குக் கருங்காக்கி வெளியே தெரிந்தது. அப்பா சட்டைக்குள் நான் நிற்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. பூட்டனுடைய வில்லை கார்த்தி வீட்டுக்குப் போய்விட்டது.

காம்பஸ் முனையால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுவிடலாமா என்று ஒரு தடவை குத்திப் பார்த்தேன். துணி பொடியாக உதிர்ந்தது. பயந்து நிறுத்திவிட்டு, வில்லையைத் துணிமேல் சும்மா வைத்துச் சுருட்டி, ரேஷன் கார்டுக்கு அடியில் தள்ளினேன். ஆடிப் பதினெட்டுக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்கு அப்பா அதைக் கையில் எடுப்பார். நாள் முழுக்க வார்ப்புச் சாமானைத் தடவிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற கை.

மறுநாள் இடைவேளையில் துணியையும் வில்லையையும் பைக்குள் வைத்து எடுத்துப்போய்க் கார்த்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்குளுது சொரசொரன்னுதான்டா இருக்கும். டீச்சரே பாத்துத்தான குடுத்தாங்க?"

"ஓட்டையைப் பாருடா."

"துணில ஓட்டை யாரு வேணா போடலாம். இந்தா, இது யாரு போட்டது?" என்று என் காம்பஸ் குத்தைக் காட்டினான். நான் துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

ஆனாலும் அவன் உள்ளுக்குள் பயந்துவிட்டான் என்று தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் பிரேயரில் என் காதோடு சொன்னான். அவர்களிடம் இருக்கிற வில்லையின் வளையம் பக்கவாட்டில்தான் இருக்கிறது. முதுகு தட்டையாக இல்லை. முன்பக்கம் எங்கெல்லாம் மேடோ பின்பக்கம் அங்கெல்லாம் பள்ளம், கொழுக்கட்டை அச்சு மாதிரி. ஆனால் அதைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. கண்காட்சியிலிருந்து வந்த அன்றே அவன் அப்பாரு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கூடத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்துப் பூட்டிவிட்டாராம். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் இவ்வளவும் கண்டுபிடித்திருக்கிறான். சாவி அப்பாருவின் அரைஞாண் கயிற்றில்.

இன்றைக்கு இந்த வித்தியாசங்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய பட்டாள வில்லைகளைச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே திருப்பிவிடுவார்கள். இரும்பு அச்சில் தகட்டை வைத்து அடித்ததா, மண்ணில் வார்த்ததா, வளையம் எந்தத் திசையில், இடைவெளிகளை வெட்டியது மிஷினா, அரமா என்று முதுகைத்தான் படிப்பார்கள். சண்டைக்காலத்தில் சீமையிலிருந்து வருவது பற்றாமல் இங்கேயே கடைவீதிப் பட்டறைகளில் வார்த்துப் போட்டுக்கொண்டதும் உண்டு. அப்படி வார்த்ததைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் நானும் அப்படி இரண்டொன்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒன்று நல்லது, ஒன்று மட்டம், நல்லது எங்களுடையது, அதைப் போய்க் கேட்டு வாங்குவது என்னால் ஆகாது என்பதுதான்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, கரி படிந்த முகத்தோடு கை கால் கழுவுவதைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிடுவேன். கார்த்தியும் நானும் திட்டம் போட்டோம். அப்பாரு எப்போதாவது சாவியைக் கழற்றினால் அவன் வில்லையை எடுத்து வர வேண்டியது. பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியது. இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தினமும் காலையில் வந்து அவன் உதட்டைப் பிதுக்குவான். அப்பாரு தூங்கும்போதும் சாவியோடுதான் தூங்குகிறாராம். பல் செட்டைக்கூடக் கழற்றி வைக்கிறார், சாவியைக் கழற்ற மாட்டேன் என்கிறாராம்.

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டது.

பவுண்டரிக்கு லீவு. அம்மா விடியும் முன்பே கச்சாயம் சுட ஆரம்பித்துவிட்டாள். அப்பா தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு தகரப் பெட்டியைத் திறந்தார். நான் சாமிப் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றேன். அவிநாசியப்பனிலிருந்து எங்கள் வீதிக் கறுப்பராயன் வரை எல்லாரையும் கூப்பிட்டேன். ஒரு கண்ணை மட்டும் நூலளவு திறந்துவைத்திருந்தேன்.

அப்பா சுருட்டைப் பிரித்தார். வில்லையைக் கையில் எடுத்தார். திருப்பினார். கட்டைவிரலால் முதுகை ஒரு தடவை தடவினார். ஜன்னல் பக்கம் நீட்டி, இலை வளையத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தார். துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எண்ணெயில் போட்ட கச்சாயம் ஒன்று வெந்து மேலே வருகிற நேரம் இருக்கலாம். அப்புறம் துணியை விரித்து, வில்லையை அதன்மேல் வைத்து, சந்தனம் தொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றினார். கும்பிட்டுத் திரும்பி, என் நெற்றியில் திருநீறு பூசினார். அவர் விரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

அப்பாவுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் ஒன்பது கச்சாயம் தின்றேன். இனி அடுத்த ஆடிக்குத்தான் அந்தப் பெட்டி திறக்கும்; அதற்குள் கார்த்தியின் அப்பாரு ஒரு நாளாவது சாவியைக் கழற்றாமலா போவார்? எண்ணெய் வழியும் கையோடு தெருவெல்லாம் ஓடினேன். பவுண்டரியில் இருபது வருடமாக மண்ணில் கை வைத்தவருக்கு இது தெரியாமல் போயிற்றே என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் அப்பா சீக்கிரமே பஸ்ஸிலிருந்து இறங்கி வருகையில் கார்த்தி வீட்டுத் தோட்டத்துக் கேட்டுக்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார். பிறகு திரும்பி வந்துவிட்டார். ஒன்றுக்கு இருக்கப் போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

நோம்பிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருக்கும், மொபெட் சத்தம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த மொபெட் எங்கள் வீதிக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பின்னால் கார்த்தி உட்கார்ந்திருந்தான். அவன் இடது காது செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. என்ன நடந்ததென்று அந்தக் காதே சொல்லிவிட்டது. முந்தின நாள் சனிக்கிழமை, மாதம் ஒரு தடவை அப்பாரு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். சாவியில் எண்ணெய் படாமல் இருக்க அதைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார். கார்த்தி கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்ட நேரத்தில், துண்டை மறந்துவிட்டோம் என்று அவர் எண்ணெய் வழியத் திரும்பி வந்திருக்கிறார்.

"ஏப்பா, இருக்கறயா?"

அப்பா உள்ளேயிருந்து வேகமாக வந்தார். வாங்க, வாங்க என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் துண்டால் துடைத்தார். பெரியவர் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்று, அடி வாங்குவதற்கு எந்தக் கன்னம் தோது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துப் பிரித்து, பளிச்சென்ற வில்லையை அப்பா பக்கம் நீட்டினார்.

"இது உங்குளுது."

அப்பா கை நீட்டவில்லை.

"பசங்களுக்கு அப்பவே தெரியுமாமா. எனக்கும் மொத நாளே தெரியும்" என்றார் பெரியவர். குரல் வழக்கமான அதட்டலாக இல்லை. "எங்கய்யனோடது முதுகு சொரசொரன்னு இருக்கும். சின்னதுல அதைத் தடவிட்டே தூங்குவேன். இது வழவழன்னு இருந்துது. பாக்க நல்லா இருக்குதே, நாலு நாளைக்கு இருக்கட்டும்னு உட்டுப்போட்டேன். நீ வந்து கேப்பேன்னு பாத்தேன். நீயும் வரலை."

"நீங்களே கொண்டாருவீங்கன்னு இருந்தனுங்க."

"அப்ப உனக்கும் தெரியும்."

"நோம்பியன்னைக்குக் கையில எடுத்ததுமே தெரிஞ்சுதுங்க."

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நானும் கார்த்தியும் காது சிவக்கக் காப்பாற்றி வைத்திருந்த ரகசியம் யாருக்குமே ரகசியமாக இருக்கவில்லை. ஒரு பக்கம் நாங்கள் இரண்டு பேர் தெரியாததுபோல் இருந்தோம், இன்னொரு பக்கம் அவர்கள் இரண்டு பேர் தெரியாததுபோல் இருந்தார்கள்.

அம்மா பெட்டியிலிருந்து மற்ற வில்லையை எடுத்து வந்து கொடுத்தாள். அப்பா துண்டை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உடனே எடுத்துக் கொடுத்து முடித்திருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்த கை சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பிவிட்டு, இலை வளையத்தின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க. எங்குளுதுல இந்த மூணாவது இலை நுனி நசுங்கியிருக்குது. எங்க தாத்தன் எதுலயோ இடிச்சது. உங்குளுதுலயும் அதே இலை நசுங்கியிருக்குது."

பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். கார்த்தியும் நானும் குனிந்தோம். ஆமாம். ஒன்றில் கூரான நசுங்கல். மற்றதில் அதே இடத்தில், தண்ணீரில் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிய நசுங்கல்.

"அதெப்படி ரெண்டும் ஒண்ணுபோல இடிபடும்?" என்றார் பெரியவர்.

"இடிபடலைங்க. இதை மண்ணுல பதிச்சு அச்செடுத்துத்தான் அதை ஊத்தியிருக்காங்க. பித்தளை ஆறுனா சுருங்குமுங்க. அதுதான் உங்குளுது ஒரு நூலு சின்னதா இருக்குது. வளையத்தைப் பொறவு பத்தவெச்சது. அதுதான் திசை மாறிப்போச்சு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம், எங்களைப் பார்க்காமல் வில்லைகளைப் பார்த்தே சொன்னார். அவருடைய அய்யன், அதாவது அவர் அப்பா, பட்டாளத்தில் போன இடத்தில் வில்லையைத் தொலைத்துவிட்டாராம். மறுநாள் வெள்ளைக்கார ஆபீசர் வந்து எல்லாரையும் நிறுத்திப் பார்க்கிற அணிவகுப்பு. வில்லை இல்லாத தொப்பியோடு நின்றால் பெரிய தண்டனை. கூட இருந்த ஒருத்தர் தன் வில்லையைக் கழற்றி ஒரு பகல் கொடுத்தாராம். அய்யன் கடைவீதியில் ஒரு பித்தளைப் பட்டறையில் அதைப் பார்த்து ஒன்று செய்து போட்டுக்கொண்டாராம். சாகும்வரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"யாரு குடுத்தாங்கன்னு பேரு சொன்னதில்லை. நம்மூர்க்காரன் ஒருத்தன்னு மட்டும் சொல்லுவாரு."

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, காப்பி குடிக்கறீங்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே திகைத்ததுபோல் நின்றாள். போடு அம்மணி என்றார் பெரியவர். குடிக்கிற வரை இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது அவர் மழுங்கிய வில்லையை எடுத்துக்கொண்டார். அதன் முதுகில் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். எங்கய்யன் பொருள் எனக்குப் போதும், அடுத்தவங்க பாட்டன்து எனக்கெதுக்கு என்றார், யாரோ அவரோடு வாதாடியதுபோல. கார்த்தி மொபெட்டில் ஏறிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டி, உனக்கு எப்போது என்று கண்ணால் கேட்டான்.

எனக்கு அடி விழவில்லை. அப்பா உட்கார்ந்து, காக்கித் துணியின் ஓட்டைகளில் வளையங்களை நுழைத்து ஊக்கைக் கோத்தார். சொருகின இடத்தில் வில்லை அசையாமல் உட்கார்ந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டு, "காம்பஸ்ல ஒரு குத்தோட நிறுத்துனியே, அந்த மட்டும் சந்தோசம்" என்றார். அவ்வளவுதான். பதினைந்து நாளாக நான் சுமந்த பயத்துக்கு ஒரு திட்டுகூட இல்லை. எனக்கு அப்போதே வெளியே ஓட வேண்டும்போல் இருந்தது.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. தம்ளரைக் கழுவிக்கொண்டே அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தும் ஒரு வாரமா வாயைத் திறக்காமல் இருந்தீர்களே, அது அங்கேயே இருந்துவிட்டால் என்ன செய்திருப்பீர்கள், ஒரு வார்த்தை போய்க் கேட்டால் என்ன, ஓட்டை இருக்கிறது, துணி இருக்கிறது, காட்டினால் போகிறது என்றாள். நான் மனசுக்குள் அம்மா கட்சி. அத்தாட்சி நம் கையில் இருந்தது.

அப்பா துணியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"கேட்டு, இல்லைன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா, அப்பறம் அது அவங்குளுதுதான். கேக்காத வரைக்கும் அது நம்முளுது."

எனக்கு இது தப்பாகப் பட்டது. அந்த ஒரு வாரமும் வில்லை அவர்கள் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. அது எப்படி நம்முடையதாக இருந்திருக்க முடியும்? பள்ளிக்கூடம் போகிறவன் வீட்டில் நான் ஒருத்தன்தான். அப்பாவைத் திருத்தலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அடியிலிருந்து தப்பித்த நாளில் எதற்கு என்று விட்டுவிட்டு, விளையாடப் போனேன்.